தொட்டி அலாரம்

"விரல்ல என்னம்மா கொப்புளம்? அடுப்புல சுட்டுக்கிட்டியா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

சின்னவள் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அது ஆமாமா இல்லையா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

"பரவாயில்ல, ஆறாம் வகுப்புலயே அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கே" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் பக்கத்து மேசைக்கு நகர்ந்தார். அங்கேதான் அன்றைய பள்ளிக் கண்காட்சியின் கதாநாயகன் நின்றிருந்தான். சின்னவளின் அண்ணன், எட்டாம் வகுப்பு.

அவன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி, இரண்டு வயர், தீப்பெட்டி அளவில் ஒரு பலகை, ஒரு மணி. மாடித் தொட்டி நிரம்பினால் கூப்பிடும் அலாரமாம். வாளியில் தண்ணீர் ஏறி வயரைத் தொட்டதும் மணி கத்திக் காதைத் துளைத்தது. பெற்றோர்கள் கைதட்டினார்கள்.

"தண்ணி ரெண்டு வயரையும் தொட்டதும் கரண்ட் பாயும். டிரான்சிஸ்டர் ஆன் ஆகும். மணி அடிக்கும்" என்று அண்ணன் ஒப்பித்தான். கூட்டத்தில் நின்ற அம்மா அவனைப் பார்க்கவில்லை. அவன் பேசப் பேச, பக்கத்தில் சின்னவளின் உதடுகளும் சத்தமில்லாமல் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிரான்சிஸ்டர் எதுக்குப்பா? வயரை நேரா மணியில குடுத்தா ஆகாதா?" நடுவராக வந்திருந்த கல்லூரி ஆசிரியர் கேட்டார்.

அண்ணன் பக்கத்து மேசையில் நின்ற சின்னவளைத் திரும்பிப் பார்த்தான்.

"தண்ணில பாயிற கரண்ட் ரொம்பக் கம்மி சார். அது மணிக்குப் பத்தாது. டிரான்சிஸ்டர்தான் அதைப் பெருக்கிக் குடுக்கும்" என்றாள் சின்னவள்.

நடுவர் சிரித்துவிட்டார். "பாருங்க, அண்ணன் சொல்லிக்குடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்குது." எல்லாரும் சிரித்தார்கள். அறிவு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகும் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

முதல் பரிசு அவனுக்கே. கோப்பையோடு, கோடை விடுமுறை முழுக்க நடுவருடைய கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பயிற்சி. பள்ளிக்கு ஒரே ஓர் இடம்தான். சின்னவள் பெயரில் ஒரு காகிதப் பூங்கொத்து ஓரமாகக் கிடந்தது. அதற்கு ஆறுதல் பரிசுகூட இல்லை.

"சும்மாவா, மோட்டார் டாக்டர் பையனாச்சே" என்றார் தலைமை ஆசிரியை மைக்கில். மோட்டார் டாக்டர் என்று ஊரே கூப்பிடும் அப்பா அடக்கமாகக் கைகூப்பினார். மிக்ஸி, ஃபேன், ரேடியோ, எதைக் கொண்டுபோய் அவர் கடையில் போட்டாலும் மறுநாள் பிழைத்து எழுந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து மைக் கரகரத்துப் படுத்துக்கொண்டது. டாக்டரே பக்கத்தில் இருக்கும்போது என்ன கவலை? எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

அப்பா மைக்செட்டின் ஆம்ப்ளிஃபையர் தலையில் இரண்டு தட்டு தட்டினார். "கூட்டத்துல வெச்சுப் பிரிக்கக் கூடாதுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமாப் பாக்கணும்" என்றார். கடையிலும் அவர் அப்படித்தான், யார் முன்னாலும் எதையும் பிரிக்க மாட்டார். தொழில் ரகசியம் என்று ஜனங்கள் மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்ளிஃபையரை உள்ளறையில் இறக்கினார். "காலையில ஸ்கூலுக்கு வேணுமாம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மகனையும் கோப்பையையும் தெருவுக்குக் காட்டக் கிளம்பிவிட்டார்.

அம்மா சின்னவளை உள்ளறைக்குள் இழுத்துக் கதவைத் தாழிட்டாள். அவளுடைய விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது அடுப்பு சுட்டதில்ல. வயருக்கு ஈயம் வெக்கிற சால்டரிங் அயர்ன் சுட்டது. அந்த அலாரத்தைச் செஞ்சது நீதானே?"

"ஆமாம்மா."

"பின்னே எதுக்குடி அவன் பேரைப் போட்டே?"

"அவன்தானே அண்ணன்." சின்னவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என் பேருக்குக் காகிதப் பூ செஞ்சு வெச்சுட்டேன்."

"பிளக்கைத் தொடவே பயப்படுறவன் அந்தக் காலேஜ்ல போய் என்ன கிழிக்கப் போறான்? அது உன் இடம்டி. கையைச் சுட்டுக்கிட்டது நீ, மாலை மரியாதை அவனுக்கா? அங்க போகணும்னு உனக்கு ஆசையே இல்லையா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "இருக்கு" என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"இருக்குல்ல? அதை வாயைத் திறந்து சொன்னா என்ன? நான்தான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை. இவ்வளவு ஏமாளியா வளந்து நிக்கிறியே, இதையெல்லாம் யாருகிட்டடி கத்துக்கிட்டே?"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, அங்கே எப்போதும் இருக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள்.

"அப்பா கடைக்கு வர்றதெல்லாம் நீதானே சரி பண்றே. நீ யார்கிட்டயாவது சொல்லியிருக்கியாம்மா?"