கணவாய்க்கு மூன்று இதயம்

"அப்பாடா, ஒருமாதிரி முடிஞ்சுது! ரீடிங்தான் மண்டையைக் காய வைச்சிட்டுது. உங்களுக்கு எப்பிடி?"

வெள்ளவத்தை ரொட்டிக் கடைக்குள் நுழைந்த மிதுஷன், தன்னோடு படிக்கும் ஹம்சிகாவுக்கும் ஜொனாதனுக்கும் எதிரே இருந்த கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தான். சொன்னதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்காகக் கணினியில் எழுதும் நுழைவுப் பரீட்சை அன்று காலை எட்டு மணிக்குத் தெஹிவளையில் என்று போட்டிருந்தது. மற்ற இருவரும் போனார்கள். இவன் போகவில்லை.

வீட்டிலிருந்து புறப்பட்டவன்தான். தரிப்பில் தெஹிவளைப் பஸ் வந்து நின்றும் ஏறவில்லை. ஆறு மாதமாகப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு கிரிக்கெட் பார்த்தவன் எந்த முகத்தோடு ஏறுவான்? மடிக்கணினிப் பையோடு கடற்கரைக்கு இறங்கி, தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு பாறையில் பதினொன்றரை மணிவரை குந்தியிருந்தான்.

உண்மையான பரீட்சை இனிமேல்தான், வீட்டில். அப்பா கதிர்காமநாதன் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பது வருடமாகக் கிளார்க். மகனின் ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் அவனை மேசைக்கு எதிரே இருத்தி, கேள்வி கேள்வியாக விசாரித்து எழுதி எடுப்பார். இந்த முறை ஏதாவது குளறுபடி என்றால் திங்கட்கிழமையே மாமாவின் இரும்புக் கடையில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தார். மிதுஷனுக்கு அவசரமாக நாலு கேள்வியும் நாலு விடையும் தேவைப்பட்டன.

ஹம்சிகாவும் ஜொனாதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் குடித்து முடித்த நாலு பிளேன்ரீக் கோப்பைகள். கெட்டிக்காரர், வெள்ளெனவே முடித்துவிட்டு வந்துவிட்டார்கள் போலும் என்று மிதுஷன் நினைத்தான்.

"உன்னைக் காணேல்லையே. எந்த அறை?" என்றான் ஜொனாதன்.

"மேல்மாடியடா. கடைசி வரிசை."

"மேல்மாடியிலயோ? அங்கயும்... ஆவ்!" ஜொனாதன் ஏனோ குனிந்து தன் காலைத் தடவினான்.

ஹம்சிகா முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். "எனக்கு வாசிக்கத் தந்த அந்தக் கணவாய் மீன் பந்திதான் கஷ்டம். உனக்கு?"

"ஐயோ, கணவாயோ! அதைப் பற்றிக் கதைக்காத."

"நாங்கள் பிரட்டித் தின்னுற கணவாய்க்கு எத்தனை இதயம் எண்டு கேட்டதுக்கு என்ன போட்டனீ?"

மிதுஷன் கதிரையை முன்னுக்கு இழுத்தான். "முதல்ல நீ சொல்லு."

"மூண்டு."

"எனக்கும் மூண்டு!"

"நான் ரெண்டெல்லோ போட்டனான்," என்றான் ஜொனாதன் பரிதாபமாக.

"பிழை மச்சான். பந்தியில வடிவாக் கிடந்தது. உன்னில இதுதான் குறை, ஒண்டையும் ஆறுதலா வாசிக்க மாட்டாய்."

ஹம்சிகாவுக்குப் புரைக்கேறியது. தலையில் தட்டி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்கு வந்தாள்.

"குடை திருத்திற கிழவன்ர பந்தி? எழுதினவரின்ர மனநிலை என்ன எண்டு கேட்டது. நான் நாலாவது விடை, கேலி."

"எனக்கும் கேலிதான். வாசிக்கிறவனைப் பேயனாக்கிறார் எண்டு முதல் வரியிலயே பிடிச்சிட்டன்."

ஜொனாதன் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டான். தோள் இரண்டும் குலுங்கின. மிதுஷனுக்குப் பாவமாகப் போய்விட்டது. அவன் முதுகைத் தடவி, "அழாதடா. ரெண்டு கேள்விதானே," என்றான். ஜொனாதன் தலையைத் தூக்கவே இல்லை.

இன்னும் மூன்று விடைகளை வாங்கி மனத்தில் அடுக்கிக்கொண்டு, ரொட்டியும் தின்றுவிட்டு, மிதுஷன் வீட்டுக்கு நடந்தான்.

அப்பா கண்ணாடியும் பேனையுமாகக் காத்திருந்தார். "இரு தம்பி. எத்தினை மணிக்குத் தொடங்கினது?"

"சரியா எட்டுக்கு, அப்பா."

"முடிஞ்சது?"

"பதினொண்டுக்கு. நான் பத்து நிமிஷம் முந்தியே முடிச்சிட்டன்."

"நல்லது. ரீடிங்கில என்ன வந்தது?"

மிதுஷன் கணவாயை அவிழ்த்துவிட்டான். மூன்று இதயத்தைச் சொன்னான், குடை திருத்துகிற கிழவனைச் சொன்னான், கேலியைச் சொன்னான். கேட்காமலே, "ஜொனாதன்தான் பாவம், ரெண்டு எண்டு போட்டிட்டான்" என்று கவலையும் பட்டான். அப்பா எல்லாவற்றையும் எழுதி, ஒருமுறை வாசித்துக் காட்டி, தாளை மகன் பக்கம் திருப்பினார்.

"சொன்னது எல்லாம் உண்மைதானே?"

"சத்தியமா அப்பா."

"அப்ப கீழ ஒரு கையெழுத்து வை."

மிதுஷன் வைத்தான். திகதியும் போட்டான். இரும்புக் கடை தூரத்தில் போய் மறைவதுபோல் இருந்தது. சந்தோஷத்தில் அப்பாவைக் கட்டிப்பிடிக்கக்கூட ஒரு யோசனை வந்தது.

அப்பா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "எனக்கு ஒரேயொரு சந்தேகம் தம்பி. இந்தக் கணவாயை நீ எந்தக் கடற்கரையில பிடிச்சனீ?"

மிதுஷன் வாயைத் திறக்குமுன் அவர் தன் தொலைபேசியை அவன் முன்னால் வைத்தார். பரீட்சைக்கு அவர் தன் முகவரியைக் கொடுத்துப் பதிந்திருந்ததால், காலை எட்டரை மணிக்கே அவருக்கு வந்திருந்த மின்னஞ்சல் அது: 'மின்சாரம் தடைப்பட்டதால் இன்றைய பரீட்சை எந்த அறையிலும் நடைபெறவில்லை, எல்லா மாணவர்களும் அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரவும்.'