நம்பும்படி எழுதியவன்

"தூ! இதுவும் பொய்!" பட்டுக்கடை முதலாளி கமலக்கண்ணன் கல்லாவை விட்டு எழுந்துபோய், வாசலில் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த கணக்குப் பெண் மஹிமா, நெட்டில் ஆயில் பில்டர்களை ஒப்பிட்டு எழுதியிருந்த அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

முதலாளியே அதைத் திட்டக் கேட்டு, கடை வேனை ஓட்டும் பழனிக்கு மனசு குளிர்ந்தது. இரண்டு மாதத்துக்கு முன், 'ஒப்பீட்டில் முதலிடம்' என்று நெட்டில் பார்த்து முதலாளி வாங்கிக் கொடுத்த ஆயில் பில்டர், அழுக்கைப் பிடிப்பதற்குப் பதில் தானே கிழிந்து, செய்யார் ரோட்டில் இன்ஜின் ஜாமாகி நின்றது. ஏச்சு வாங்கியது பழனி. இன்னொரு தடவை இன்ஜின் போனால் வேலையும் போகும் என்று சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு ஆயில் மாற்ற வேண்டும். ஒழுங்கான பில்டர் கிடைத்தாக வேண்டும்.

"எழுதினவன் யாருன்னு பாரும்மா," என்றார் முதலாளி.

"மூணு பேரு சார். வேற வேற ஊரு. மூணு பேருக்கும் போட்டோ ஒண்ணுதான்."

"நாத்தம் புடிச்சவனுங்க. அடுத்தது?"

"ஒருத்தர் இதைப் போட்டு ஒரு வருஷம் ஓட்டினேன்றாரு. பில்டரு விக்க வந்ததே போன மாசந்தான்."

"கேக்கவே கொமட்டுது மொதலாளி," என்றான் பழனி. "இவனுங்கள நம்பி வண்டி ஓட்றவன் கதி என்னாவறது?"

"கொமட்டாம? பொய் சொல்லக்கூட வக்கில்ல!"

அடுத்த ஒப்பீட்டை மஹிமா வாய்விட்டுப் படித்தாள். எழுதியவர் நாலு பில்டரையும் ரம்பத்தால் அறுத்துப் பார்த்திருந்தார். முதலிடம் கொடுத்த பில்டருக்கே, ரப்பர் வளையம் இறுகிக்கொள்ளும், கழற்றுவதற்குள் கை விட்டுப்போகும் என்று குறை சொல்லியிருந்தார். வீடெல்லாம் ஆயில் சிந்தியதற்குச் சம்சாரம் திட்டித் தீர்த்துவிட்டாளாம்.

பழனி சிரித்துவிட்டான். "இவரு நெசமாவே வண்டிக்காரரு மொதலாளி. இத்தையே வாங்கிடலாம்."

மஹிமா அந்த ஆளின் பெயரைத் தட்டினாள். அவள் முகம் சுருங்கியது.

"மிக்ஸி, மெத்தை, தலைமுடி எண்ணெய்... எல்லாத்துக்கும் இவரே எழுதிகினு இருக்காரு சார். மிக்ஸியில ஓட்டல் வச்சிருக்கேன்றாரு. மெத்தையில வாத்தியாருன்றாரு. எல்லாத்துலயும் சம்சாரம் திட்றாங்க."

பழனிக்கு அன்றைக்கு மெக்கானிக் கழற்றிக் காட்டிய பில்டருக்குள் கூழாகக் கிடந்த கறுப்புக் காகிதம் கண்முன் வந்து நின்றது. இந்த ஆளையும் நம்பி, இதோ இப்போது வாங்கி மாட்டியிருப்பானே!

முதலாளி இம்முறை வாசலுக்குப் போகவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ எந்த பில்டருதான் வாங்கறது மொதலாளி?"

"எதனா ஒண்ண வாங்கி மாட்டுய்யா, பேஜார் பண்ணாத." மஹிமா பக்கம் திரும்பினார். "இந்த ஆளை ஜல்தியா புடிம்மா. நம்ம விசைத்தறிப் பொடவைய கைத்தறின்னு எழுத இவன்தான் சரி!"