வலைக்கதவின் சாவி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் டிரையரின் வலையை எடுத்து, ஒட்டிய பஞ்சைத் தட்ட வேண்டும். அதில் எட்டு நிமிடம் வீணாகிறதென்று மேற்பார்வையாளர் ஜெயசிங் வலைக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புவாரில் மாட்டிக்கொண்டார். மூன்றாம் வாரம், இரண்டு மணி நேரம் சுழன்ற பின்னும் படுக்கைவிரிப்புகள் ஈரமாகவே வந்தன.

“ஏட்டி, இது காஞ்சிருக்கா?” ஈரத் தலையணை உறையொன்றை முறுக்கி, டிரையரை ஓட்டும் செல்லக்கனியின் கன்னத்தில் அடித்தார். மறு கன்னத்திலும் அடித்தார்.

“காத்து போவ வழியில்ல சார். சாவியத் தாங்க.”

மூன்றாவது அடிக்கு அவர் கை ஓங்கியபோது அவள் சாவியை வாரோடு சேர்த்துப் பிய்த்தாள். கதவைத் திறந்ததும் பஞ்சு சாம்பல் நிறத்தில், உரித்த தோல்போலச் சூடாகச் சரிந்தது. அதில் யார் யாருடையதோ தலைமுடியும் கட்டுத்துணி நூலும் பின்னிக் கிடந்தன. இரண்டு கையாலும் அள்ளி அவர் வாயில் திணித்தாள். விழுந்தவரின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, மூக்கிலும் திணித்தாள்.

“இப்ப மூச்சு விடுங்க, பாப்பம்.”

எழுந்து வலையை மாட்டி, ஈர விரிப்புகளைப் போட்டு டிரையரை ஓட்டினாள். அது நெடுநாளைக்குப் பிறகு முழுக்குரலில் இரைந்தது. பத்தே நிமிடத்தில் மணி அடித்தது. ஒரு விரிப்பை உருவி, வீங்கிய கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை உதறி, அவர்மேல் தலைமுதல் கால்வரை விரித்தாள்.

“காஞ்சிருக்கு சார்.”

துணி மடிக்கும் மேசையிலிருந்த பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். முகத்தின்மேல் கிடந்த துணி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.