அது எந்த டிரம்?

"டேய், உன் பீட்டுல நடுநடுவுல 'டக்'னு ஒண்ணு விழுதே, அது எந்த டிரம்டா? ஸ்டூடியோவுல எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க!" போனில் பாடகி துள்ளினாள்.

"டிரம் இல்ல. வீட்டுல கேட்ட ஒரு சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி, டேப்லெட்ல வெட்டி ஒட்டினேன்."

"எதைத் தட்டின? சொல்லித் தொலையேன்!"

"அப்புறம் பேசறேன். அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கேன்."

டேப்லெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அம்மாவோடு டாக்டர் அறைக்குள் போனான்.

டாக்டர் எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எத்தனை நாளா இருமல்? மறைக்காமச் சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

"ஒரு வாரமாத்தான், டாக்டர்," என்றாள் அம்மா சட்டென்று. "ஏசி காத்து ஒத்துக்கலை."

மகன் குறுக்கிட்டான். "இல்ல சார், போன வருஷத்திலேர்ந்தே இருக்கு."

"உனக்கென்னடா தெரியும்? எந்நேரமும் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்ப!"

"நிச்சயமாத் தெரியுமா, தம்பி?" என்றார் டாக்டர்.

அவன் டேப்லெட்டைத் திறந்தான். பாட்டிலிருந்த கைத்தட்டல், கிட்டார், கீபோர்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஊமையாக்கினான். கடைசியில் அந்த 'டக்' மட்டும் மிஞ்சியது. தாளம் தப்பாமல் திரும்பத் திரும்ப ஒலித்தது, அம்மாவின் இருமல்.

"போன வருஷம் எடுத்தது, சார்."

"இதைக் காதுல வச்சுக் கேட்டுக்கிட்டா இத்தனை மாசம் சும்மா இருந்தீங்க?"

அவனால் நிமிர முடியவில்லை.

அம்மாவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. "அட, உன் பாட்டுல நானா? முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருமியிருப்பேனே, கண்ணு!"