கவட்டைக் கோடு

பனிமூட்டத்தோடு பயமும் சேர்ந்து இறங்கிய ஒரு காலத்தில், கிசோ காட்டில் ஒரு ஹினோகி மரம் சாய்ந்தால் ஊரில் ஒரு தலை உருளும். அரண்மனைச் சட்டம் அப்படி.

அன்று மலையில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. மோஹெய் வீட்டில் மட்டும் புது மரத்தின் வாசம்.

உள்ளே ஒரு சின்னப் பெட்டி. அதில், நேற்று இறந்துபோன அவன் மகள். பூச்சி என்றாலே அலறும் பிள்ளை. ஹினோகியைப் பூச்சி அரிக்காது.

பெட்டியருகே அவன் மனைவி ஒசோமே.

காட்டதிகாரி குரிஹாரா உள்ளே வந்தார். பல தலைகளை வாங்கியவர். கையில், மரம் வெட்டிய இடத்தில் கிடந்த கிளை.

"நான்தான் ஐயா தகவல் சொன்னேன்," என்றான் பக்கத்து வீட்டு ஜிம்பே. "வாசனையே காட்டிக் குடுக்குது பாருங்க!"

"எனக்கு ஜலதோஷம். மூக்கடைப்பு," என்றார் அதிகாரி.

மோஹெய் மண்டியிட்டான். "அது நெசுகோ மரமுங்க. அதுக்குத் தடை இல்லீங்களே."

"கதையைக் கேட்டீங்களா!" ஜிம்பே சிரித்தான். "இலையைத் திருப்புங்க ஐயா. ஹினோகின்னா அடியில வெள்ளையா கவட்டைக் கோடு இருக்கும். நெசுகோவுல ஒண்ணும் தெரியாது."

"எனக்கே பாடமா?"

செதில் செதிலான இலையில் ஒரு இணுக்கைக் கிள்ளித் திருப்பினார் அதிகாரி. மோஹெய்யின் கழுத்தையே பார்த்தபடி, கட்டைவிரலால் அதை மெதுவாக, மிக மெதுவாகத் தடவினார்.

பெட்டிக்குள் 'டொக்' என்றது.

பச்சை மரம் விரிசல் விடும் சத்தம்தான்.

"கோடு எங்கடா?" இணுக்கை நீட்டினார்.

ஜிம்பே உற்றுப் பார்த்தான். வெறும் பச்சை.

"கிளையில வேற இலையைப் பார்த்தா..."

"அதிகாரி நீயா, நானா?"

ஜிம்பே முணுமுணுத்தபடி வெளியேறினான்.

கிளையை அதிகாரியே பிள்ளையின் நெஞ்சில் வைத்தார். "துணைக்கு இருக்கட்டும். மூடு. பொழுது சாயறதுக்குள்ள புதைச்சிடு."

மோஹெய் குலுங்கி அழுதான். அவர் செருப்பு மாட்டக் குனிந்தபோது, ஒசோமே அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள்.

நுனியில் வெள்ளைப் பொடி.

அதை அங்கியில் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்று, அந்த ஹினோகி வாசத்தை மூக்கு நிறைய ஒருமுறை இழுத்தார். பிறகு பனிமூட்டத்துக்குள் நடந்து போனார்.