கனிமொழி வீட்டு டார்ட்

"விடிஞ்சா வெள்ளிக்கிழமை. சாமிக்குப் பால் வச்சிருக்கிற ஃப்ரிட்ஜ்ல முட்டைப் பண்டத்தக் கொண்டாந்து வைக்கிறியே, இன்னா பொண்ணும்மா நீ!"

ஃப்ரிட்ஜுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றாள் மாமியார் அபிதகுசாம்பாள்.

"முட்டை இல்ல அத்தை, எலுமிச்சை டார்ட். மாவைச் சின்னக் கிண்ணமா பேக் பண்ணி, நடுவுல எலுமிச்சைச் சாறு, சக்கரை, வெண்ணெய்..."

"அப்புறம்?"

"...முட்டையும் கொஞ்சம்."

"அத்தச் சொல்லு மொதல்ல!"

சுபத்ரா சண்டைக்கு நிற்கவில்லை. தட்டோடு பின்பக்கத் தறிக்கொட்டகைக்குப் போனாள். ஒரு மூலையில் வைத்துக் கூடையைக் கவிழ்த்தாள். எறும்பு வராமல் சுற்றிலும் மஞ்சள்தூள் வேறு. அவ்வளவு கவனம்.

மறுநாள் யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு 'அம்மா சமையல் நாள்'. கடைப் பலகாரம் கூடாது. அம்மா கையால் செய்ததுதான் வர வேண்டும். மற்ற அம்மாக்கள் சுண்டல், கொழுக்கட்டை என்று டப்பாவோடு நின்றார்கள். தன் மகன் கிரண் கையில்தான் டார்ட் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு வந்த சுபத்ராவுக்கு, கேட்டருகே கனிமொழியின் பெண் வைத்திருந்த டப்பாவைப் பார்த்ததும் சுருக்கென்றது.

"நீங்களும் டார்ட்டா?"

"ஆமாக்கா. போன வாரம் நீங்க ஸ்டேட்டஸ்ல வீடியோ போட்டிருந்தீங்கல்ல? அதைப் பார்த்துத்தான் பண்ணேன்" என்று சிரித்தாள் கனிமொழி. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். ஏரிக்கரைக் காலனியிலிருந்து வருகிறவள். "கிரணுக்குன்னு ஒண்ணு தனியா வச்சிருக்கேன்."

"சோ ஸ்வீட்!" என்றாள் சுபத்ரா. குனிந்து மகனின் டையைச் சரிசெய்தாள். காதில் ஏதோ சொன்னாள். கன்னத்தில் முத்தம் கொடுத்து உள்ளே அனுப்பினாள்.

மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. கிரணுக்கு வாந்தி.

சுபத்ராவுக்கு ஒரே பிள்ளை. அவன் இருமினாலே அவளுக்குத் தூக்கம் போய்விடும். கடையிலிருந்த கணவனைக்கூடக் கூப்பிடத் தோன்றாமல் ஆட்டோ பிடித்து ஓடினாள்.

"கெட்டுப்போனது எதையோ சாப்பிட்டிருக்கான்" என்றார் டாக்டர். "வெளியில என்ன குடுத்தீங்க?"

"நான் குடுக்கல டாக்டர். ஒருத்தங்க டார்ட் பண்ணிக் குடுத்துட்டாங்க. அவங்க வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கோ என்னவோ!"

ஊசிக்குக் கிரண் அழுதான். சுபத்ரா அதைவிட அழுதாள். வீடு வந்து சேருவதற்குள் அந்த அழுகை கோபமாகிவிட்டது. அம்மாக்கள் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

"ஃப்ரெண்ட்ஸ், நான் கான்வென்ட்ல படிச்சவ. யாரு எந்தத் தெருங்கறதெல்லாம் எனக்குக் கிடையவே கிடையாது. ஆனா சுத்தம்னு ஒண்ணு இருக்கில்ல? கனிமொழி வீட்டு டார்ட்டச் சாப்பிட்டு என் புள்ள சுருண்டு படுத்திருக்கான்."

கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

"கரெக்ட் சிஸ்."

"காலனிப் பக்கம்னா நாமதான் பார்த்துக்கணும் சிஸ்."

"அந்தப் பொண்ணை இனிமே தனியா உக்காந்து சாப்பிடச் சொல்லி மிஸ்கிட்ட பேசுவோமா?"

கடைசி வரிக்குச் சுபத்ரா ஒரு கட்டைவிரல் போட்டாள்.

சாயங்காலம் டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் கனிமொழி வந்து நின்றாள். கையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள்.

"மன்னிச்சுருங்கக்கா. ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருந்தேன். என் பொண்ணும் அதைத்தான் சாப்பிட்டா, அவளுக்கு ஒண்ணும் ஆவல. எப்படின்னே புரியல... இதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துகினே இருங்க."

"இருக்கட்டும்" என்றாள் சுபத்ரா. பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை.

"என்னை இன்னா வேணா சொல்லிக்குங்கக்கா. பொண்ணத் தனியா உக்கார வைக்க மட்டும் வேணாம்னு குரூப்ல சொல்லுங்க. நானும் சின்ன வயசுல அப்படி உக்காந்து சாப்பிட்டவதான்."

சுபத்ராவுக்கு மனசு இளகியது. கான்வென்ட் மனசு.

"சேச்சே, நான் அதெல்லாம் மறந்துட்டேன். நீங்க குரூப்ல ஒரு சாரி மட்டும் போட்டுருங்க. தப்பு எங்க வீட்டு டார்ட்லதான்னு. மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

கனிமொழி போனை எடுத்தாள். கண்ணீர் மறைத்ததால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டினாள்.

கட்டிலில் கிடந்த கிரண் தலையைத் தூக்கினான்.

"ஆன்ட்டி எதுக்கும்மா அழறாங்க?"

"அவங்க குடுத்த டார்ட்டத் தின்னுதானே கண்ணா உனக்கு இப்படி ஆச்சு? அதுக்கு சாரி சொல்றாங்க."

கிரண் பள்ளிக்கூடப் பையை இழுத்தான். உள்ளே துழாவி, டிஷ்யூ பேப்பரில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து நீட்டினான். கடிபடாத டார்ட்.

"நான்தான் துன்னவே இல்லியே! ஆன்ட்டி வீட்டுத வாயில வச்சா வாந்தி வரும்னு ஸ்கூல் கேட்டாண்ட நீதானம்மா சொன்ன? அதான் நம்ம வீட்டு டார்ட்ட யாருக்கும் குடுக்காம நானே துன்னேன்."