ஆறாம் கட்டில் அலறல்

"ஐயோ, கொல்றாங்களே!"

ஆறாம் கட்டிலிலிருந்து எழுந்த அந்த அலறலில், வார்டின் கோடியில் உறங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துக்கொண்டார். ஊசியோ இன்னும் உறையை விட்டு வெளியே வரவில்லை.

அலறியவர் ஒரு லாரி ஓட்டுநர். முறுக்கு மீசையும் மலை போன்ற தோள்களுமாக, காலில் மாவுக்கட்டுடன் படுத்திருந்தார். அவர்முன் தட்டேந்தி நின்றவள் இரண்டாம் ஆண்டு செவிலியர் மாணவி. தட்டு கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆடாமல் என்ன செய்யும்? அதுவரை அவள் ரத்தம் எடுத்துப் பழகியதெல்லாம் வகுப்பறையிலிருந்த ரப்பர் கையில்தான். அது வெடுக்கென்று தன்னை இழுத்துக்கொள்ளாது; "போய்ப் பெரிய சிஸ்டரைக் கூப்பிடு" என்று விரட்டவும் விரட்டாது.

காலையிலிருந்து மூன்று பேர் விரட்டிவிட்டார்கள். அவர்களுள் ஐந்தாம் கட்டில்காரர், "படிக்கிற புள்ளைங்க அறுத்துப் பாக்க நான் என்ன தவளையா?" என்று வார்டே கேட்கும்படி முழங்கினார். பிறகு அவள் கைகழுவும் தொட்டியருகே சுவரைப் பார்த்து நின்று மூக்கைச் சிந்தியதையும் அதே வார்டுதான் பார்த்தது.

இதுவும் கைகூடாவிட்டால் விடுதிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். தலைமைச் செவிலி இரண்டடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வலிக்குமா பாப்பா?" என்றார் ஓட்டுநர், பரிதாபமாக.

"கொஞ்சம் வலிக்கும்ணா. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

"எந்த எறும்பு? கட்டெறும்பா?"

எதிர்க்கட்டில் முடிதிருத்துபவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "என்னண்ணே, பத்துச் சக்கர லாரி ஓட்டுற ஆளு, இத்துனூண்டு ஊசிக்கா இந்த ஆட்டம்?"

"லாரியை நான் ஓட்டுறேன்யா. அது என்னைக் குத்துறதில்லையே!"

வார்டு முழுவதும் சிரித்தது. மாணவிக்கோ மனம் இளகிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு இப்படிப் பதறுவதைக் கண்டபின், தன் பதற்றத்தைக் கவனிக்க அவளுக்கு நேரமே இல்லாமற்போயிற்று. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, என்னையே பாருங்க. வீட்ல எத்தனை பசங்க?"

"ரெண்டு பொண்ணு. சின்னவளுக்கு உன் வயசுதான். அவ கையில ஊசி இருந்தாலும் நான் ஓடிருவேன்."

"இந்தக் காலோடயா?"

ஓட்டுநருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய மேற்கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். அவள் சொல்வதற்கு முன்பே அவர் விரல்களை மடக்கிக்கொண்டு, முழங்கையின் உட்புறத்தை அவள்பக்கம் வாகாகத் திருப்பினார். கண்களை மட்டும் இறுக மூடிக்கொண்டு, "போச்சு, என் உசுரு போச்சு" என்று புலம்பினார்.

"கையைத் தளர்த்துங்கண்ணா. முடிஞ்சிருச்சு."

"என்னது, குத்திட்டியா?"

குழாயில் ரத்தம் நிறைந்திருந்தது. அவள் கை ஆடவில்லை என்பதை அவளே அப்போதுதான் கவனித்தாள். தலைமைச் செவிலி பதிவேட்டில் கையெழுத்திட்டார்.

ஐந்தாம் கட்டில்காரர் தொண்டையைச் செருமினார். "அந்தாளே தாங்கிட்டாரு. சரி, எனக்கும் எடும்மா. நான் ஒண்ணும் அவரை மாதிரி ஊரைக் கூட்ட மாட்டேன்."

மாலையில் பார்வையாளர் நேரத்தில் ஓட்டுநரின் மனைவி வந்தார். அதற்குள் நான்கு பேரிடம் ரத்தம் எடுத்து முடித்திருந்த மாணவி, அனுபவம் முதிர்ந்தவளைப்போல் அவரைத் தனியே அழைத்தாள்.

"அண்ணி, அண்ணனுக்கு ஊசின்னா ரொம்பப் பயம். இனிமே ரத்தம் எடுக்கணும்னா என்னையே கூப்பிடுங்க. நான் பேச்சுக் குடுத்துச் சமாளிச்சுக்கறேன்."

அந்த அம்மாள் திகைத்துப்போய்க் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவரோ செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"இவருக்கா பயம்? போன மாசம்தானேம்மா அம்பதாவது தடவையா ரத்த தானம் பண்ணிட்டு வந்தாரு!"